கொட்டடித்த பனியன்கள்

பனியன்கள் கொட்டடிக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவினாசிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் செத்துப்போய், அவர் வீட்டு முன்னால் அஞ்சுகம் பறையை எடுத்து முதல் அடி அடித்த அதே நொடியில், திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்காரன் நெஞ்சிலும், கோயமுத்தூரில் குளிரூட்டிய அறைக்குள் கணக்குக் காட்டிக்கொண்டிருந்த மேனேஜர் ஒருத்தர் நெஞ்சிலும், சேலத்து மொட்டைமாடிக் கொடியில் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்த வெறும் துணியிலும், சென்னையில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த இன்னொரு துணியிலும், கறுப்புப் பனியனில் அச்சடித்திருந்த அந்த வட்டப் பறை டங்கு டங்கென்று அடிக்க ஆரம்பித்தது. கல்லூரிக்காரன் நெஞ்சுவலி என்று நினைத்து டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். சாறு பிழிகிறவர் குனிந்து அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. சாவுக்கொட்டு. ஆரோ போயிட்டாங்களாட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டு, உடைந்த டம்ளருக்குக் காசு கேட்டார்.

அந்தப் பனியன்களின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அஞ்சுகத்தின் கதையைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் இருந்ததெல்லாம் அவளுடையது, அவற்றால் வந்த காசெல்லாம் வேறு ஒருத்தனுடையது. அஞ்சுகம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று, துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் கோணியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே வாலிபத்தைக் கழித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பறை அடிப்பாள். சர்ச்சில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஜெபராஜ், அவள் அடித்ததை ஒரு நாள் தெருமுனையில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, இதோட கிதார் சேர்ந்தா எப்படி இருக்கும்னு பார்க்கலாமா?" என்று கேட்டதில் பிறந்தது அந்தக் குழு. பாட ஒருத்தி வந்தாள், டிரம்ஸ் அடிக்க ஒருவன் வந்தான். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி முறுக்கேற்றும்போது அஞ்சுகத்தின் உள்ளங்கை எப்போதும் சிவந்து போகும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவள்தான் குழுவுக்குப் பேர் வைத்தாள். சுடுதோல்.

முதல் கச்சேரிக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் காசில்லை. அஞ்சுகம் காய்ச்சிய பறையின் முகத்தில் வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, ஒரு வெள்ளை வேட்டியில் கவிழ்த்து அழுத்தி எடுத்தாள். தோலின் ஒவ்வொரு வரியும், நடுவே அவளுடைய கை ரேகையும் அப்படியே துணியில் பதிந்தது. அதை மேடைக்குப் பின்னால் கட்டிவிட்டு அடித்தார்கள். அன்றைக்கு அந்தக் கச்சேரியைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வருஷத்தில் சுடுதோல் என்று சொன்னால் தெரியாத கல்லூரி கிடையாது என்றாகிவிட்டது.

அப்போதுதான் கோகுலகிருஷ்ணன் வந்தான். மேடைக்கடை என்று ஒரு கம்பெனி வைத்து, பாட்டுக் குழுக்களின் பேரிலும் படத்திலும் பனியன், டம்ளர், சாவிக்கொத்து என்று விற்கிறவன். வாயைத் திறந்தால் தோழர் என்பான். அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்தால் தரையில்தான் உட்காருவான், டீயை வாங்கித் தெருவே பார்க்கிற மாதிரி வாசல்படியில் நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பான். அப்படிக் குடிப்பதை யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளவும் செய்வான்.

"பாடறது உங்க வேலைங்க்கா, பனியன் விக்கிறது என்னோட வேலை. உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்," என்றான்.

பார்த்துக்கொண்டான். அஞ்சுகம் போட்ட கையெழுத்தை வைத்து எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். கரி பதிந்த அந்த வேட்டியை அச்சுக்கு வேண்டுமென்று வாங்கிப்போனவன் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. பனியன் ஊரூராகப் போனது, கடல் தாண்டியும் போனது. குழுவுக்கு ஆளுக்கு இரண்டு பனியன் கொடுத்தான், அதுவும் அளவு சரியில்லாதது. அதைக்கூட அஞ்சுகம் பொறுத்துக்கொண்டாள், ஏதோ பேர் பரவுகிறதே என்று. ஈரோட்டில் ஒரு கல்லூரிக் கச்சேரிக்கு இவர்களாகவே கொஞ்சம் பனியன் அடித்துக் கொண்டுபோனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வக்கீல் நோட்டீஸோடு ஒருத்தன் வந்து நின்றான். சுடுதோல் என்கிற பேரும், பறையும் கையுமாக இருக்கிற அந்தச் சின்னமும் மேடைக்கடையின் சொத்து, அனுமதியில்லாமல் யாரும் பயன்படுத்தக் கூடாது, அந்தக் குழுவே பயன்படுத்தக் கூடாது. கல்லூரிக்காரர்கள் பயந்துபோய் போஸ்டரைக் கிழித்தார்கள். மேடையில் மைக் பிடித்தவன், "அடுத்ததாக, ஒரு இசைக்குழு," என்று மட்டும் சொன்னான். அஞ்சுகம் பறையோடு மேடையேறி, தான் யாரென்று சொல்ல வாயில்லாமல் அத்தனை பேர் முன்னால் நின்றாள். அந்த நிற்பை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

போனில் கூப்பிட்டதற்கு, "நானா பண்ணேன்? சட்டம்ங்க்கா," என்றான் கோகுல்.

பேரில்லாத குழுவை யார் கூப்பிடுவார்கள்? பாடுகிறவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். டிரம்ஸ்காரன் ஊரைவிட்டே போனான். அஞ்சுகம் சாவு வீடுகளுக்குக் கொட்டடிக்கக் கிளம்பினாள். முதலில் போனது அந்த அவினாசிப் பெரியவர் வீட்டுக்கு. பேர் பறிபோன பிறகு பறையில் அவள் அடித்த முதல் அடி அதுதான்.

பனியன் ஏன் கொட்டடித்தது என்று யாரும் ரொம்பத் துருவவில்லை. அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று கோகுல் ஒற்றைக்காலில் நின்றதால், சின்னத்தை வரையாமல் அந்த வேட்டியிலிருந்தே வரிக்கு வரி அச்சு எடுத்திருந்தார்கள். அச்சடித்த பனியனைச் சாயம் பிடிக்கச் சூட்டு அடுப்புக்குள் விட்டு எடுப்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். "பறையைப் பதிச்சீங்க, அப்புறம் தீயில காட்டுனீங்க. காய்ச்சுன தோலு பேசாம என்ன பண்ணும்?" என்று அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஊருக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

அஞ்சுகம் எதை அடித்தாளோ அதைப் பனியன்கள் அடித்தன. அவள் சாவுக்கு அடித்தால் சாவுக்கொட்டு, கல்யாணச் சீர் எடுக்க அடித்தால் சீர்க்கொட்டு, மாரியம்மனுக்கு அடித்தால் சாமிக்கொட்டு. ஜனங்கள் ஒரு வாரம் திகைத்தார்கள், மறுவாரம் பழகிக்கொண்டார்கள், அதற்கடுத்த வாரம் பனியன் அடிக்காத நாளில் ஏதோ குறைகிறது என்றார்கள். பஸ் கண்டக்டர்கள் கறுப்புப் பனியன்காரர்களைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார்கள். இஸ்திரி போட்டால் சத்தம் ஏறும், தண்ணீர் தெளித்தால் அடங்கும் என்று கண்டுபிடித்து, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளின் பையில் தாய்மார்கள் ஒரு தண்ணீர் பாட்டில் கூடுதலாக வைத்தார்கள். மாரியம்மன் நோம்பி அன்றைக்கு ஒரு பேங்கில் பணம் கட்ட வரிசையில் நின்ற ஆளின் மார்பில் சாமிக்கொட்டு ஏற, அவனுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. பேங்க் மேனேஜர் ஓடிவந்து மஞ்சத்தண்ணி கொடுத்து, தனக்கு மாறுதல் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டார். கொட்டுக்குக் கொடுக்க வகையில்லாத சாவு வீடுகளில் பக்கத்து வீட்டுப் பனியனை இரவல் வாங்கிக் குச்சியில் மாட்டி வைத்துவிட்டு, எங்கேயாவது அஞ்சுகம் அடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எந்த வீடுகளின் தெருமுனையோடு பறை நின்றுவிட வேண்டும் என்று காலங்காலமாகச் சட்டம் இருந்ததோ, அந்த வீடுகளின் மர பீரோவுக்குள்ளிருந்து பறை அடித்தது. பூஜை அறைக்கு அடுத்த அறையில், மகனுடைய துணி மடிப்புக்குள்ளிருந்து, பட்டப்பகலில் சாவுக்கொட்டு கேட்டது. தாய்மார்கள் தண்ணீரைத் தெளித்தார்கள், ஃபிரிட்ஜுக்குள் வைத்துப் பார்த்தார்கள், வேலைக்காரியிடம் கொடுத்துவிடப் பார்த்தார்கள். மகன்கள் விடவில்லை. விலை அப்படி.

அஞ்சுகத்துக்கு முதலில் தலைகால் புரியவில்லை. இனி பனியனை வாங்கினவனெல்லாம் கோகுலின் முகத்தில் கொண்டுபோய் எறிவான், அவன் கடை நாறிப்போகும் என்று நினைத்து, கூப்பிட்ட சாவுக்கெல்லாம் போய்த் தோள் இற்றுப்போகிற அளவுக்கு அடித்தாள். ஒவ்வொரு அடியிலும் அவன் மண்டையை நினைத்துக்கொண்டாள். ஆனால் கோகுல் என்ன லேசுப்பட்டவனா? உயிருள்ள பனியன் என்று விளம்பரம் போட்டான். சுடுதோல் இனி உங்கள் நெஞ்சில் நேரடியாக என்று நெடுஞ்சாலையெல்லாம் பலகை வைத்தான். விலையை மூன்று மடங்காக்கினான், வரிசை அடுத்த தெருவுக்கு நீண்டது. சூட்டு அடுப்புகள் ஓயாமல் ஓடின. அஞ்சுகம் கை சிவக்க அடித்த அடியெல்லாம் அவன் கல்லாவில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. பேரை எடுத்துக்கொண்டான், சின்னத்தை எடுத்துக்கொண்டான், இப்போது அவளுக்கே தெரியாமல் கையையும் எடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டான். இது புரிந்த அன்றைக்கு அவள் பறையைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். வயிறு எரிந்தது என்றால் சோறு இறங்காத அளவுக்கு எரிந்தது.

பனியன்கள் ஊமையாயின. வாங்கினவர்கள் பழுதாகிவிட்டது என்று மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கோகுல் ஆப்பிள் பையோடு அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்து, வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தான். ஜெபராஜும் அங்கேதான் இருந்தான்.

"என்னங்க்கா இப்படிப் பண்ணீட்டிங்க? ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?" என்றான் கோகுல்.

"ஒடம்பு நல்லாத்தானுங் தம்பி இருக்குது."

"அப்ப அடிக்கலாமுங்களே. நான் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கறேன். காலையில எந்திரிக்கறதுக்கு ஒரு கொட்டு, ஆபீஸ் போறப்ப உற்சாகமா ஒரு கொட்டு, சாயந்திரம் ஒண்ணு. மாசாமாசம் சம்பளம். சாவு மட்டும் வேண்டாங்க்கா, கஸ்டமருங்க சங்கடப்படறாங்க."

அஞ்சுகம் ஆப்பிள் பையை அவன் பக்கமே நகர்த்தினாள். "சம்பளம் வேண்டாமுங். எங்க பேரைக் குடுத்துருங்க. நான் வெச்ச பேரு. அது ஒண்ணு குடுத்தாப் போதும், நீங்க சொன்ன நேரத்துக்கெல்லாம் அடிக்கறேன்."

கோகுல் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "பேரு என்னோடது இல்லீங்க்கா, கம்பெனியோடது. நானே நெனச்சாலும் முடியாது. அதுமில்லாம பேரு சும்மா கெடந்தா வீணாப் போயிருமுங்களே, அதுக்காகத்தான் புதுசாப் பசங்களைப் புடிச்சுப் பழக்கியிருக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் அவினாசி ரோட்டு மைதானத்துல சுடுதோல் புதுக் குழு அறிமுகம். பசங்க அழகா ஆடுவாங்க, ஃபைபர் பறைதான், காய்ச்சற வேலையே இல்ல. ஆனா என்ன, அவிய அடிச்சா பனியன் அடிக்க மாட்டேங்குது." கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னான். "நீங்க வெளிய எங்காச்சும் மறைவா உக்காந்து அடிச்சுக் குடுத்தீங்கன்னா, உள்ள எல்லாம் சரியா வந்துரும். ஆருக்கும் தெரியாது."

ஜெபராஜ் எழுந்துவிட்டான். அஞ்சுகம் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சரீங் தம்பி. மைதானத்துக் கேட்டுக்கு வெளிய நின்னு அடிக்கறேன்."

கோகுல் டீயை வாங்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய் நின்று குடித்துவிட்டுக் கிளம்பினான். ஜெபராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னக்கா இது? அவனுக்காக ஒளிஞ்சு நின்னு அடிக்கப் போறீங்களா?"

"அடிக்கத்தான் போறேன். சாவுக்கொட்டு."

"ஆரு சாவுக்கு?"

"நம்ம பேருக்கு," என்றாள் அஞ்சுகம். "பாடை கட்டோணும் ஜெபா. பச்சை மூங்கிலுக்குச் சொல்லிரு."

அவன் மெதுவாக, "நாம பெத்த பேரு அக்கா. அதை நாமளே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

"அவங்கிட்ட அது உசுரோட இருக்கறதை என்னால பார்க்க முடியல. தினமும் பார்க்க முடியல. அதுக்கு அது நம்ம கையிலயே சாகட்டும்." சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஜெபராஜ் மூங்கிலுக்குச் சொல்லப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவினாசி ரோட்டு மைதானம் கறுத்துக் கிடந்தது, அத்தனை பனியன். முன் வரிசையில் கோகுலின் அம்மா ராமாத்தாள் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கோகுல் கறுப்புப் பனியனோடு மேடையேறி, போலிப் பனியன் விற்கிறவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டுமென்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். "சுடுதோல்ங்கிறது நாலு பேரு இல்ல, தோழர்களே. அது ஒரு பிராண்டு. இந்தப் பேரு, இந்தச் சின்னம், எல்லாம் என்னோட சொத்து. என்னோட சொத்து மட்டும்தான்." எல்லாரும் கைதட்டினார்கள். பையன்கள் ஃபைபர் பறையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

கேட்டுக்கு வெளியே ஒரு பச்சை மூங்கில் பாடை இருந்தது. அதன் மேல், ஈரோட்டில் கிழித்த போஸ்டரின் ஒரு துண்டு, சுடுதோல் என்று எழுதியிருந்த துண்டு, மாலை போட்டுப் படுத்திருந்தது. அஞ்சுகம் வைக்கோலைப் பற்றவைத்து, பறையைத் தீயில் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டினாள். ஜெபராஜ் முன்னால் வந்து, எழவு சொல்கிறவர்கள் சொல்கிற அதே ராகத்தில் ஓங்கிச் சொன்னான். "சுடுதோல்ங்கற பேரு செத்துப் போச்சுங்கோ! இன்னைக்கே எடுக்கறதுங்கோ! வர்றவிய வந்து மொகம் பார்த்துக்கங்கோ!"

அஞ்சுகம் அடித்தாள்.

மைதானத்துக்குள் அத்தனை நெஞ்சும் ஒன்றாக அடித்தது. அந்தச் சத்தத்தில் மேடைக்கு மேலே கட்டியிருந்த விளக்குகள் ஆடின. இத்தனை மாதம் பனியனோடு வாழ்ந்து பழகிய கூட்டம் அது, யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் கீழே போட்டார்கள். ஆரு, ஆரு போனது என்று கேள்வி வாசல் கேட்டுக்குப் போய், பேரு, பேரு செத்துப்போச்சு என்று பதில் வரிசை வரிசையாக உள்ளே வந்தது. நடுவே இருந்த ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிறகு அவளோடு சேர்ந்து நிறையப் பேர் அழுதார்கள், அவர்களும் ஏதோ ஒரு ராத்திரி அந்தப் பேரைச் சொல்லிக் கத்தி ஆடினவர்கள்தானே.

சாவு வீட்டுக்கு வந்தால் கோடித் துணி போட வேண்டும். கையில் வேறு என்ன துணி இருக்கிறது? ஆண்கள் பனியனைக் கழற்றினார்கள். சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு வந்திருந்த பெண்களும் கழற்றினார்கள். ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வெளியே வந்து, பாடையை ஒரு சுற்றுச் சுற்றி, பனியனைப் போர்த்திவிட்டுத் தள்ளி நின்றார்கள். பாடை தாங்காமல் போய், பனியன்கள் ஆள் உயரம் குவிந்தன, குவிந்த நிலையிலும் ஒன்றாக அடித்தன. மேடையிலிருந்த பையன்கள் ஃபைபர் பறையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். அதில் ஒருவன் பனியனைப் போட்டுவிட்டு, "எங்களுக்குத் தெரியாதுங்க்கா," என்றான். அஞ்சுகம் அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். கை நிற்கவில்லை.

"இது சட்டவிரோதம்! போலீஸ், என்ன பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கோகுல் மைக்கில் கத்தினான்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எழவு வீட்டுக் கொட்டை எந்தச் சட்டத்துலங்க நிறுத்தறது?" என்றார்.

கோகுல் தண்ணீர் லாரியை வரச்சொல்லிக் குவியல் மேல் அடிக்கவைத்தான். பனியன்கள் நனைந்து சத்தம் தாழ்ந்தது. அஞ்சுகத்தின் பறையும் நனைந்து தொய்ந்தது. அவள் பறையைத் தீயில் காட்டினாள், கூட்டம் காத்து நின்றது, சித்திரை வெயில் குவியலைக் காயவைத்தது. மறுபடி அடித்தபோது முன்னைவிடக் கூடுதலாகக் கேட்டது.

பொழுது சாயத் தொடங்கியது. கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். "எடுக்கலாமுங்களா? கொள்ளி வெக்கறது ஆரு?"

அஞ்சுகம் கொட்டை நிறுத்தாமலே சொன்னாள். "சொத்தை எடுத்துக்கிட்டவிய ஆரோ, அவியதானுங்க கொள்ளி வெக்கோணும்."

எல்லாரும் திரும்பி மேடையைப் பார்த்தார்கள். கோகுல் மைக்கைப் பிடித்தபடி நின்றான். அஞ்சுகத்தின் கை அடித்துக்கொண்டிருந்ததே தவிர, கண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் சாட்சியாகப் பேர் திரும்பி வந்துவிடும், பாடையிலிருந்து அதை எழுப்பி வீட்டுக்குத் தூக்கிப் போய்விடலாம். சொல்லிவிடு, சொல்லித் தொலைடா என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். இத்தனை ஆங்காரத்துக்கு நடுவிலும் கெஞ்சினாள்.

கோகுல் கேட்டுக்கு வெளியே கிடந்த குவியலைப் பார்த்தான். குடோனில் கூரை முட்ட அடுக்கியிருந்தவற்றை நினைத்தான். நெடுஞ்சாலைப் பலகைகளை நினைத்தான்.

"என்னோடதுதான்!" என்றான். "பேரு என்னோடதுதான். ஆருக்கும் குடுக்க மாட்டேன்."

முன் வரிசையில் ராமாத்தாள் எழுந்தாள். பட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "ஏஞ்சாமி, சொத்து மட்டும் வேணும், கொள்ளி வேண்டாமா? எறங்கி வாடா," என்றாள்.

பெற்றவள் சொன்ன பிறகு என்ன செய்வது? அவன் நெஞ்சில் கிடந்த பனியன் விலா எலும்பை உடைக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்தான். நாவிதர் ஒருத்தர் கூட்டத்திலிருந்து வந்து கோகுலின் தலையை மழித்தார். சட்டையில்லாத உடம்பில் வேட்டி கட்டிவிட்டார்கள், அவனுடைய பனியனும் குவியலில் சேர்ந்தது. நொய்யல் கரை வரைக்கும் பாடை முன்னால் போக, பனியன் மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஊர் பின்னால் போனது. தோளில் தண்ணீர்க் குடத்தோடு கோகுல் மூன்று சுற்றுச் சுற்றினான். குடம் உடைந்தது. திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தான்.

தீ பிடித்ததும் பனியன்கள் இதுவரை அடிக்காத உச்சத்தில் அடித்தன. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. அதே நேரத்தில் சேலத்துக் கொடியிலும், சென்னைப் பீரோவிலும், கடல் தாண்டிப் போன பெட்டிகளிலும் இருந்த பறை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கை ரேகை மங்கி, வெறும் கறுப்புத் துணி மிஞ்சியது. குடோனிலிருந்து கோகுலுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. போன ஆளின் பேரைச் சொல்லி யாரையும் கூப்பிட மாட்டார்கள் இல்லையா, அப்படித்தான். அந்தப் பேரில் மேடை போட்டாலும் ஆள் வராது, பனியன் போட்டாலும் ஒருத்தரும் தொடமாட்டார்கள். அது இப்போதும் சட்டப்படி கோகுலுடையதுதான்.

ஜனங்கள் ஆற்றங்கரைக் குழாயில் குளித்துவிட்டுக் கலைந்தார்கள். அஞ்சுகம் அப்போதுதான் அடிப்பதை நிறுத்தினாள். உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவன் மொட்டைத் தலையைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஜெபராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

கொள்ளி வைத்தவன் எல்லாம் முடிந்ததும் கொட்டடித்தவர்களுக்குக் கூலி கொடுத்து அனுப்ப வேண்டும். யாரோ கோகுலின் காதில் சொல்லியிருக்க வேண்டும். ஈர வேட்டியோடு வந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நேராகப் பணத்தை நீட்டினான்.

"வாங்கிக்கங்க்கா," என்றான்.

அஞ்சுகம் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டுச் சாவுக்கு நாங்க கூலி வாங்கறதில்லீங்க."